கைத்தொலைபேசியில் ஓடும் பந்தய வண்டி



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு விளையாட்டு. அதற்குத் திடல் வேண்டியதில்லை, பந்து வேண்டியதில்லை, கூட்டாளியும் வேண்டியதில்லை. கையகலத்தில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால் போதும். திரையில் ஒரு சாலை வளைந்து வளைந்து ஓடுகிறது. அதன் இருபுறமும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒளிக்கோடுகள். சக்கரமே இல்லாத ஒரு வண்டி தரைக்கு மேலே மிதந்தபடி சீறிப் பாய்கிறது. "எதிர்காலத்துக் கார் ரேஸ்" என்று பிள்ளைகள் இதற்குப் பெயர் சொல்லுவார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவன் இந்நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்து இதை ஆடிக்கொண்டிருக்கலாம்.

இதைப் பார்க்கும் பெற்றோருக்கு இரண்டு விதமாகத் தோன்றுகிறது. கண் கெட்டுப்போகும் என்று பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டத் தோன்றுகிறது. அல்லது, கண்ட இடத்தில் சுற்றாமல் வீட்டோடு கிடக்கிறானே என்று விட்டுவிடத் தோன்றுகிறது. எதைச் செய்வதானாலும், அந்தச் சின்னத் திரைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பெரியவர்கள் ஒருமுறை தெரிந்துகொண்டு செய்தால் நல்லது என்பது என் எண்ணம்.

பால் மரம் வெட்டிய கைகளுக்கு இதை விளக்குவது மிகவும் எளிது. விடியாத நேரத்தில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரையின் தொடக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். பக்கத்து மரம் ஆள் உயரத்துக்கு மேலே நெடிதாக நிற்கும். அடுத்தது சற்றுச் சிறியது. அதற்கடுத்தது இன்னும் சிறியது. கடைசியில் இடப்பக்க நிரையும் வலப்பக்க நிரையும் ஒரு புள்ளியில் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டாற்போல் தெரியும். நடந்துபோய்ப் பார்த்தால் சேரவில்லை. மரங்களின் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்தான் தூரத்தைச் சிறுமையாக்கிக் காட்டுகிறது. இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும் மரம் பாதியாகத் தெரியும். மூன்று மடங்கு தூரத்தில் இருப்பது மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். அதே நிரைக்கு நடுவே மோட்டாரில் போய்ப் பாருங்கள். பக்கத்து மரங்கள் விர்ரென்று பின்னால் பறக்கும். தூரத்து மரங்கள் நகராமல் நிற்பதுபோல் இருக்கும். செம்பனைக் காட்டிலும் இப்படித்தான். வேகம் என்ற உணர்ச்சி நமக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் அந்தப் பக்கத்து மரங்களிலிருந்து வருகிறது.

பந்தய விளையாட்டைச் செய்தவர்கள் பிடித்துக்கொண்ட சூட்சுமம் இதுதான். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் "நைட் டிரைவர்" என்றொரு விளையாட்டு இயந்திரத்தைச் செய்தது. கடைவீதிகளில் காசு போட்டு ஆடும் இயந்திரம். அந்தக் காலத்து மின்னணுச் சாதனத்துக்கு மரம், மலை, வீடு என்று வரைந்து காட்டும் ஆற்றல் கிடையாது. ஆகவே அவர்கள் திரையை முழுவதும் இருட்டாக விட்டுவிட்டார்கள். இரவு நேரம் என்று சொல்லிவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? அந்த இருட்டில் இருபுறமும் வெள்ளை வெள்ளையாகச் சில கம்பங்கள் மட்டும். தூரத்தில் புள்ளியாகத் தோன்றி, வர வரப் பெரிதாகி, திரையின் ஓரத்தில் மறைந்துபோகும். ஓட்டுகிறவனுடைய காரைக்கூட இயந்திரம் வரையவில்லை. திரையின் கீழே ஒரு கார்ப் படத்தை வைத்திருந்தார்கள். வெறும் வெள்ளைக் கம்பங்கள்! அதற்கே ஆட்கள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் போனார்கள்.

1982இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் "போல் பொசிஷன்" என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. அதில் பகல் வந்தது. பின்னணியில் ஃபூஜி மலையும் வந்தது. இத்தகைய விளையாட்டுகளில் சாலையை எப்படிக் காட்டினார்கள் என்பதைக் கேளுங்கள். திரையைப் பாய் முடைந்தாற்போலப் படுக்கைக் கோடுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். மேலே உள்ள கோட்டில் சாலை குறுகலாக இருக்கும். கீழே வர வர அகலமாகும். சாலையோரத்தில் வெளிர்ப்பட்டை ஒன்று, அடர்பட்டை ஒன்று என்று மாற்றி மாற்றித் தீட்டி, அந்தப் பட்டைகளைக் கீழ்நோக்கி நகர்த்தினார்கள். அவ்வளவுதான். சாலை ஓடவில்லை, பட்டைகள்தாம் இடம் மாறின. பார்ப்பவன் மணிக்கு இருநூறு மைல் வேகத்தில் போவதாக நம்பினான். 1986இல் சேகா நிறுவனத்தின் "அவுட் ரன்" வந்தது. அதில் ஆடுபவன் உட்கார்ந்திருக்கும் இருக்கையே வளைவுக்கு ஏற்றபடி ஆடும் வகையும் இருந்தது.

சக்கரம் இல்லாத கார் எப்போது வந்தது? 1990இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் "எஃப் ஸீரோ" என்ற விளையாட்டை வெளியிட்டது. கதை நடக்கும் ஆண்டு 2560 என்று வைத்துக்கொண்டார்கள். வண்டிகள் தரையைத் தொடாமல் மிதந்தன. 1995இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்திலிருந்து "வைப்அவுட்" வந்தது. அதன் கதை 2052ஆம் ஆண்டில் நடந்தது. இன்று நம் பிள்ளைகளின் போனில் ஓடும் எதிர்காலம் இதுதான். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு சிலர் எண்ணிப் பார்த்த எதிர்காலம். அதன் மினுக்கலையும் கட்டம் கட்டமான படங்களையும், இன்றைய கலைஞர்கள் வேண்டுமென்றே பழைய பாணியில் திரும்பச் செய்கிறார்கள். நாம் பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்பதில்லையா? அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது என் அக்காள் மகனால். அக்காள் திருமணமாகிச் சிங்கப்பூருக்குப் போனவர். புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். "நீதான் டீச்சராச்சே, நீயே சொல்லு, அந்தப் போனைப் புடுங்கி வெச்சிடட்டுமா?" என்று ஒருநாள் இரவு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பையனுக்குப் பதினைந்து வயது. வாங்குகிற மதிப்பெண் குறைந்துகொண்டே வருகிறது. கையைவிட்டுப் போன் இறங்குவதில்லை. விடுமுறை வரட்டும், வந்து பார்க்கிறேன் என்றேன்.

புக்கிட் பாஞ்சாங் என்றால் நீளமான குன்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கத்திலும், பக்கத்து மண்டாய், புக்கிட் தீமா வட்டாரங்களிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ஜோகூர் பாருவிலிருந்து தஞ்சோங் பகார் வரை போன நம்முடைய ரயிலும் அவ்வழியாகத்தான் ஓடியது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு அந்த ஓட்டம் நின்றது. தண்டவாளம் கிடந்த இடம் இப்போது மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பசுமையான பாதையாக இருக்கிறது.

அங்கே இன்னொரு ரயில் உண்டு. 1999ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் திறக்கப்பட்ட இலகு ரயில். சிங்கப்பூரிலேயே இந்த வகையில் முதலாவது. தூண்களின்மேல் உயரத்தில் போட்ட பாதை, அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே பாம்பு போல் வளைந்து போகிறது. வண்டியில் ஓட்டுநர் கிடையாது. கட்டடங்களுக்கு மிக அருகில் போகும்போது, வீட்டுக்குள் இருப்பவர்களைப் பயணிகள் பார்த்துவிடாதபடி சன்னல் கண்ணாடி தானாகவே பனி படர்ந்தாற்போல் மங்கிவிடும் ஏற்பாடு முதலில் ஓடிய வண்டிகளில் இருந்தது. நிலையங்களின் பெயர்களைக் கேளுங்கள்: பெத்திர், ஃபாஜார், செஞ்சா. மின்னல், விடியல், அந்தி! பந்தய விளையாட்டுக்குப் பெயர் வைத்தாற்போல் இருக்கிறது. இன்னொன்று. அந்த ரயிலுக்கு இரும்புச் சக்கரம் இல்லை. சிமெண்டுப் பாதையில் ரப்பர் டயரில் ஓடுகிறது. 1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளில் தொடங்கிய கதை, ஓட்டுநர் இல்லாத ரயிலின் அடியிலும் போய் நிற்கிறது பாருங்கள்.

அந்த ரயிலின் முன்சன்னல் ஓரமாக நின்றுகொண்டு பையன் போனில் பந்தயம் ஓட்டுகிறான். நான் வெளியே பார்க்கிறேன். உயரத்தில் வளைந்து போகும் பாதை, ஓட்டுநர் இல்லாத வண்டி, இருபுறமும் பின்னால் ஓடும் கட்டடங்கள். அவன் கையில் இருப்பதும் அதேதான். "டேய், தலையைத் தூக்கி வெளியில பாருடா" என்றேன். "நிதம் பாக்கறதுதானே சின்னம்மா" என்று சொல்லிவிட்டான். பிள்ளைகள் அப்படித்தான், கண்ணெதிரே வந்துவிட்ட எதிர்காலம் அவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது.

அவன் ஆடியது இரண்டு விளையாட்டு. ஒன்று "ஹொரைசன் சேஸ்". 2015இல் பிரேசில் நாட்டில் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் செய்யப்பட்டது. நம் ரப்பர் மரத்தின் தாய்நாடும் பிரேசில்தான். இதற்கு இசை அமைத்த பேரி லீட்ச் என்பவர், 1992இல் வந்த "டாப் கியர்" என்ற பழைய பந்தய விளையாட்டுக்கும் இசை அமைத்தவர். மற்றொன்று "டேட்டா விங்". 2017இல் டான் வோட் என்பவர் வெளியிட்டது. ஒளிக்கோடுகளால் ஆன பாதையில் முக்கோண வடிவில் ஒரு சிறு கலம்; பருந்து மேலிருந்து பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். இடது கட்டைவிரல் இடப்பக்கம் திருப்பும், வலது கட்டைவிரல் வலப்பக்கம் திருப்பும். பாதையோரத்துச் சுவரை உந்தித் தள்ளிக்கொண்டு அந்தக் கலம் வேகம் எடுக்கும். இந்தச் சுவர் விஷயத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

நான் ஆடிப் பார்த்தேன். முதல் வளைவிலேயே முட்டி நின்றேன். அவன் சிரித்தான். அப்புறம் நான் ஒரு வேலை செய்தேன். போனின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு அவனை ஆடச் சொன்னேன். அரைச் சுற்றுக்குள்ளேயே, "என்னமோ மெதுவா போற மாதிரி இருக்கு" என்றான். வண்டியின் வேகம் மாறவில்லை. வேகம் ஏற ஏற இயந்திரத்தின் இரைச்சல் உச்சத்துக்குப் போகிறதே, அந்த ஒலி காதை ஏமாற்றிக்கொண்டிருந்தது; ஒலி போனதும் பாதி வேகமும் போய்விட்டது. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

ஒலி என்றதும் அவனுக்கு ஒரு பெயரைச் சொன்னேன். அவனுடைய ஊர்க்காரர் பெயர், அவனுக்கே தெரியாது. சிம் வோங் ஹூ. 1955இல் பிறந்தவர், புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில், பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர். புக்கிட் பாஞ்சாங் அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1975இல் வெளிவந்தார். பல்கலைக்கழகம் போகவில்லை. வாயால் ஊதும் ஹார்மோனிகாவில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. 1981இல் ஒரு நண்பரோடு சேர்ந்து கணினி பழுது பார்க்கும் சிறிய கடையாகத் தொடங்கியதுதான் "கிரியேட்டிவ்" நிறுவனம். அந்தக் காலத்துக் கணினிக்குப் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு பொட்டு ஒலிபெருக்கியில் "பீப், பீப்" என்று கத்தத் தெரியும், அவ்வளவே. கணினிக்குள் செருகினால் இசையும் பேச்சும் வரும்படியான ஒரு அட்டையை அவர் நிறுவனம் 1989இல் கொண்டுவந்தது. "சவுண்ட் பிளாஸ்டர்" என்று பெயர். விளையாட்டுக்கான கைப்பிடியைப் பொருத்தும் இடமும் அதிலேயே இருந்தது. உலகமெங்கும் கணினியில் ஆடிய பலருக்குச் சண்டையின் வெடிச்சத்தமும் பந்தயக் காரின் உறுமலும் அந்த அட்டை வழியாகத்தான் முதலில் கேட்டன. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் காலமானார்.

அவர் சொன்ன ஒரு கருத்து சிங்கப்பூரில் மிகவும் பேசப்பட்டது. வேறு நாடுகளில் 'திரும்பாதே' என்று பலகை இல்லாத இடத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகலாம். சிங்கப்பூரிலோ 'திரும்பலாம்' என்று பலகை இருந்தால்தான் திருப்பலாம். இதை எடுத்துக்காட்டி, யாராவது அனுமதி கொடுக்கும்வரை காத்திருக்கும் மனப்பான்மை நம்மிடம் வந்துவிட்டது என்று 1999இல் வந்த தம் நூலில் எழுதினார். ஒரு ரேடியோவைத் திருகாணி கழற்றிப் பார்த்ததற்காக அடி வாங்கும் பிள்ளைகளை நான் எங்கள் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

இதைக் கேட்டுவிட்டு, விளையாட்டை ஆடுகிற எல்லாரும் சிம் வோங் ஹூ ஆகிவிடுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஆடுவது வேறு, ஆட்டத்தைச் செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி இருக்கிறது: "இது எப்படி ஓடுது?" அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்குவதற்கு எனக்கு மனம் வராது. கேட்காத பிள்ளையைக் கேட்க வைக்கத்தான் பெரியவர்கள் நாம் அருகில் உட்கார வேண்டியிருக்கிறது.

சரி, அக்காள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடைவீதி இயந்திரத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்றைய இயந்திரத்தில் ஒரு காசு போட்டால் சில நிமிடந்தான். நேரம் தீர்ந்தது என்று அதுவே சொல்லிவிடும். நீ எழுந்திருந்தால்தானே அடுத்தவன் காசு போடுவான்? ஆகவே முடித்து அனுப்புவதில்தான் கடைக்காரனுக்கு ஆதாயம். கைத்தொலைபேசியில் வரும் பல விளையாட்டுகளோ தலைகீழ். நீ எழுந்திருக்காமல் இருப்பதில்தான் ஆதாயம். எவ்வளவு நேரம் பார்க்கிறாயோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். "நாளைக்கும் வா, பரிசு உண்டு" என்று ஆசை காட்டும். வண்டிக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது, நான்கு மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் இரண்டு வெள்ளி கொடு என்று கேட்கும். இலவசம் என்று சொல்லித்தான் இது வீட்டுக்குள் நுழைகிறது. எங்கள் தோட்டத்தில் ஒரு தாயார், கடன் வாங்கிப் போட்ட போன் காசு ஒரே மாலையில் காணாமல் போய்விட்டதென்று என்னிடம் வந்து அழுதார். ஆறு வயதுக் குழந்தை திரையில் மின்னிய பொத்தானைத் தொட்டிருக்கிறது, வேறொன்றும் செய்யவில்லை.

ஆகவே தாய்மார்களே, பிள்ளை ஒரு விளையாட்டைக் காட்டினால் முதலில் டேட்டாவை அடைத்துவிட்டு ஆடச் சொல்லிப் பாருங்கள். இணையம் இல்லாமலும் ஒழுங்காக ஓடுகிறதென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்படி ஆடும்போது விளம்பரம் பெரும்பாலும் வராது. அடுத்து, போனில் விளையாட்டுகளை இறக்கிக்கொள்ளும் கடை இருக்கிறதல்லவா, அதன் அமைப்புகளுக்குள் போய், எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், எந்த ஆசிரியரும் இரண்டு நிமிடத்தில் செய்து கொடுப்பார். அந்தக் கடவுச்சொல் பிள்ளையின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம். நான் சொன்ன "டேட்டா விங்" காசு கேட்காமல், விளம்பரமும் காட்டாமல் வந்த விளையாட்டு. அப்படியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சுற்று இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் விளையாட்டாக இருந்தால், "இந்தச் சுற்று முடிந்ததும் வை" என்று சொல்லலாம். பிள்ளைக்கும் அது ஞாயமாகப் படும். நடுவில் பிடுங்கினால்தான் சண்டை வருகிறது. அக்காளுக்கு இதைத்தான் சொன்னேன். இரவு ஒன்பதரைக்குமேல் போன் சமையற்கட்டில் இருக்க வேண்டும், அப்பாவின் போனும் சேர்த்துத்தான் என்றேன். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை.

இனிச் சுவருக்கு வருகிறேன்.

போன டிசம்பர் விடுமுறைக்குப் பையன் எங்கள் தோட்டத்துக்கு வந்தான். வந்த இரண்டாம் நாள், "சின்னம்மா, சித்தப்பா மோட்டாரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா? தோட்டத்து ரோடுதானே, போலீஸ் கிடையாதே" என்றான். சிங்கப்பூரில் பதினெட்டு வயதாக வேண்டும்; நம் நாட்டில் உரிமம் எடுக்கவே பதினாறு. "கேம்ல இதைவிட எவ்வளவோ வேகமா ஓட்டறேன்" என்று வேறு சொன்னான். என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். பதினைந்து வயதில், உரிமம் இல்லாமல், செம்மண் வளைவில் குலை ஏற்றிய லாரிக்கு நேராகப் போய்விட்டான். உயிர் பிழைத்தது. வலது கால் முன்போல் மடங்காது. செம்பனைக் குலை தூக்குகிற வேலை அவனுக்கு இனிமேல் இல்லை. அந்தக் கதையைப் பையனிடம் சொல்லவில்லை. சொன்னால் அறிவுரை என்று காதை அடைத்துக்கொள்வான். ஓர் அடிக்கோலை எடுத்து வரச் சொன்னேன்.

30 சென்டிமீட்டர் அடிக்கோல். நான் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிட்டேன். கீழே சுழியம் இருக்கும் இடத்தில் அவன் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்துக்கொண்டான். சொல்லாமல் விட்டுவிடுவேன், விழும்போது பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் கோட்டில் பிடித்தால் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆனதாகக் கணக்கு. 30 சென்டிமீட்டரும் ஓடிவிட்டால் கால் விநாடி. அவன் 17இல் பிடித்தான். மிகவும் நல்ல கை. நான் 22. பால் நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்த பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று முறையும் கோலைக் கீழே விட்டுவிட்டார். உடம்பு அசந்திருந்தால் அப்படித்தான்.

பிறகு கணக்குப் போட்டோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். கோலைப் பிடிக்கக் காத்திருந்தவனுக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதற்குள் மோட்டார் 3 மீட்டருக்குமேல் போய்விடுகிறது. சாலையிலோ யாரும் விரலை விரித்துக்கொண்டு காத்திருப்பதில்லை. எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வந்தால் கண்டு, புரிந்து, கை பிரேக்குக்குப் போவதற்கு ஒரு விநாடியாவது ஆகும். அதற்குள் 17 மீட்டர். பிறகு பிரேக் பிடித்து நிற்பதற்குக் காய்ந்த தார்ச் சாலையிலேயே இன்னும் ஒரு 20 மீட்டர். செம்மண் சாலையில் அதற்குமேல். வீட்டு வாசலிலிருந்து நான் 37 பெரிய அடி வைத்து நடந்துபோய் நின்றேன். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அங்கிருந்து கையை அசைத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

"உன் விளையாட்டில் எது குறுக்கே வரும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்ணும் வராது. எந்த வளைவு எங்க வரும்னு எனக்குத் தெரியும்" என்றான். பாருங்கள், அவனே சொல்லிவிட்டான். ஒரே பாதையை நூறு தடவை ஓட்டி மனப்பாடம் செய்திருக்கிறான். மனப்பாடம் இழிவில்லை, கண்ணும் கையும் ஒன்றாகப் பழகுவது ஒரு திறமைதான். ஆனால் நம் தோட்டத்துச் சாலையில் நாய் மனப்பாடத்துக்கு அடங்காது. மழைக்குப் பிறகு வளைவில் சேரும் மணலும் அடங்காது. விளையாட்டில் சுவரை உந்தினால் வேகம் கிடைக்கிறது. முட்டினாலும் மூன்று விநாடியில் திரும்பவும் ஓடத் தொடங்கலாம். சித்தப்பாவின் மோட்டாருக்கு அந்த வசதி கிடையாது. விடுமுறை முடியும்வரை அவன் சைக்கிளில்தான் சுற்றினான். தலைக்கவசம் போடச் சொன்னதற்கு மட்டும் முணுமுணுத்தான்.

ஒரு மழைநாளில் அவனும் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேரும் சேர்ந்து "நைட் டிரைவர்" விளையாட்டைக் காகிதத்தில் செய்தார்கள். உங்கள் பிள்ளைகளும் செய்யலாம்; செலவு ஒன்றுமில்லை. பழைய பயிற்சிப் புத்தகத்தின் வெற்றுத் தாள்களை ஒரே அளவாக இருபது துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் உச்சிக்குச் சற்றுக் கீழே, நடுவில், ஒரு புள்ளி. சாலை போய்ச் சேரும் இடம் அதுதான். முதல் தாளில் புள்ளிக்குப் பக்கத்தில் இருபுறமும் மிகச் சிறிய கம்பங்கள். அடுத்தடுத்த தாள்களில் அவற்றைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கி, ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பெரிதான கம்பம் தாளைவிட்டு வெளியேறும்போது, புள்ளியருகில் புதிய கம்பம் முளைக்க வேண்டும். எல்லாத் தாள்களையும் அடுக்கி ஓர் ஓரத்தில் நூலால் தைத்து, மறு ஓரத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டுப் பார்த்தால் சாலை ஓடும்.

கம்பத்தின் அளவை எப்படி முடிவு செய்வது என்று கேட்பார்கள். மரநிரைக் கணக்குதான். மிக அருகில் உள்ள கம்பம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு தூரத்தில் உள்ளது 3 சென்டிமீட்டர். மூன்று மடங்கில் 2. நான்கு மடங்கில் ஒன்றரை. ஐந்து மடங்கு தூரத்தில் நிற்கும் கம்பத்தை எவ்வளவு உயரம் வரைய வேண்டும் என்று பிள்ளைகளையே கேளுங்கள். அடிக்கோலைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்.